விற்காத பேப்பர் யார் கணக்கில்?

போன இதழில் ஒரு வாசகர், குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க ஒரு பழைய படம் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு 'நியூசீஸ்' என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். 1992-ல் டிஸ்னி எடுத்த பாட்டுப் படம். 1899-ல் நியூயார்க் தெருக்களில் பேப்பர் விற்ற பையன்கள் ஸ்டிரைக் செய்த கதை. அதைப் பிடித்துக்கொண்டு நம் வேலூர் பக்கமிருந்தே ஐந்து கடிதங்கள். சரி, இந்த வாரம் முழுக்க அதுவே இருக்கட்டும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். தொழிலாளர் இயக்கம், பத்திரிகைகளின் பங்கு என்று சொன்னால் பிள்ளைகள் ஆண்டுகளை ஒப்பிக்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் சொன்ன படத்தை ஸ்மார்ட் போர்டில் போடலாம் என்று கேட்டால் தலைமையாசிரியர், "படம் காட்டறதுக்கா கவர்மெண்ட் சம்பளம் குடுக்குது?" என்கிறார். படத்தைப் பாடத்தோடு எப்படிச் சேர்ப்பது?
(ஓர் ஆசிரியை, குடியாத்தம்)

பதில்: அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது டீச்சர். முழுப் படத்தையும் ஓட்டினால் இரண்டு மணி நேரம், அதாவது மூன்று பீரியட் போச்சு. அந்தப் பையன்கள் பேசும் நியூயார்க் கொச்சை நமக்கே பாதி புரியாது, பிள்ளைகளுக்கு ஆட்டம் மட்டும்தான் நிற்கும். (ஆடிப் பாடுகிற கதாநாயகன் பின்னாளில் பேட்மேனாக வந்த கிறிஸ்டியன் பேல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் வகுப்பு உங்கள் கையில் இருக்காது.) மூன்று துண்டு போதும். காலையில் பையன்கள் சொந்தக் காசு கொடுத்துப் பேப்பர் கட்டு வாங்குகிற இடம், கட்டின் விலை ஏறியதைக் கேள்விப்படுகிற இடம், ஒரு பழைய அச்சு இயந்திரத்தில் அவர்களே பேப்பர் அடிக்கிற இடம். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். மீதியைக் கரும்பலகையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகையில் எழுத வேண்டியது கணக்கு. அந்தப் பையன்கள் யாரும் பத்திரிகை ஆபீஸில் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை. நூறு பேப்பரை 50 சென்ட் கொடுத்து வாங்கி, ஒன்று ஒரு சென்ட் என்று விற்றார்கள். நூறும் போனால் லாபம் 50 சென்ட். 1898-ல் கியூபாவை முன்னிட்டு அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் வந்தது. பத்திரிகை முதலாளிகள் புலிட்சரின் 'வேர்ல்ட்', ஹெர்ஸ்டின் 'ஜர்னல்' இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு பெரிய எழுத்தில் தலைப்பு போட்ட காலம் அது. (பரபரப்புக்காகச் செய்தியை ஊதிப் பெருக்குகிற மஞ்சள் பத்திரிகை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இந்த இரண்டின் மேல்தான், நம் ஊரில் அந்த வார்த்தை வேறு பக்கம் போய்விட்டது.) போர்ச் செய்திக்குப் பேப்பர் பறந்ததால் கட்டின் விலையை 60 சென்ட் ஆக்கியபோது பையன்கள் பெரிதாக முணுமுணுக்கவில்லை. போர் முடிந்தது, விற்பனை சரிந்தது, மற்ற பத்திரிகைகள் விலையைக் குறைத்துக்கொண்டன, இந்த இரண்டு மட்டும் இறங்கி வரவில்லை. 1899 ஜூலை 20-ம் தேதி ஸ்டிரைக் தொடங்கியது.

இனி பிள்ளைகளிடம் கேளுங்கள். விலை 60 ஆன பிறகு பழையபடி 50 சென்ட் சம்பாதிக்க எத்தனை பேப்பர் வாங்கி விற்க வேண்டும்? 125. இது சுலபம். நூறு வாங்கி எழுபதுதான் விற்றது, முப்பது கையில் நின்றுவிட்டது என்றால்? 60 கொடுத்து 70 வந்திருக்கிறது, கையில் 10 சென்ட். காலை இருட்டிலிருந்து ராத்திரிவரை நின்றதற்கு 10 சென்ட்!

படத்தில் முதலாளி இறங்கி வந்துவிட, பையன்கள் தெருவெல்லாம் ஆடுகிறார்கள். நடந்தது வேறு. ஆகஸ்ட் 2-ம் தேதி ஸ்டிரைக் முடிந்தபோது கட்டின் விலை 60 சென்டிலேயே நின்றது. ஆனால் விற்காத பேப்பரைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று ஒப்புக்கொண்டார்கள். அப்படியென்றால் பையன்கள் ஜெயித்தார்களா, தோற்றார்களா? இதைக் கணக்கு வாத்தியாரையும் கூட்டி வைத்துக்கொண்டு போடுங்கள். எழுபது விற்ற அதே நாளில் மீந்த முப்பதுக்கு 18 சென்ட் திரும்ப வருகிறது, கையில் 28 நிற்கிறது. பழைய 50 சென்ட் விலை, ரிட்டன் கிடையாது என்ற காலமாக இருந்தால் அதே நாளில் 20-தான் நின்றிருக்கும். பதினாறு பேப்பர் மீந்தால்கூடப் பழைய கணக்குதான் மேல், பதினேழிலிருந்து புது ஒப்பந்தம் மேல். நல்ல நாளில் நஷ்டம், மோசமான நாளில் லாபம். பேப்பர் விற்கிற பையனுக்கு எந்த நாள் அதிகம் வரும் என்று பிள்ளைகளே சண்டை போட்டு முடிவு செய்யட்டும். விற்காத பேப்பர் யார் தலையில் விழுகிறது என்பதற்காகத்தான் இரண்டு வாரம் நியூயார்க்கில் அத்தனை கூச்சலும் நடந்தது என்பது என் கட்சி.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை. எட்டாவது பரீட்சை லீவில் வேலூர் கொசப்பேட்டையில் சைக்கிளில் பேப்பர் லைன் போட்டிருக்கிறேன். விடிகாலை நாலரைக்குக் கட்டு பிரித்து, இணைப்பைச் சொருகி, ஐந்துக்குக் கிளம்ப வேண்டும். ஒருநாள் மழையில் பையோடு சைக்கிள் சாய்ந்து இருபத்தி மூன்று பேப்பர் நனைந்தது. மாதக் கடைசியில் ஏஜென்ட் சம்பளக் கவரைக் கொடுத்தபோது இருபத்தி மூன்றையும் கழித்திருந்தார், அதுவும் கடை விலையில். அவர் பேரை எழுதமாட்டேன், நல்ல மனிதர்தான், தினம் டீ வாங்கிக் கொடுப்பார். ஆனால் அந்த இருபத்தி மூன்று எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பத்திரிகைப் பாடத்துக்கு வருவோம். ஸ்டிரைக் செய்தியே எந்தப் பேப்பரிலும் வரக்கூடாது என்று முதலாளிகள் கூடிப் பேசிவிடுவதாகப் படத்தில் வருகிறது, அதனால்தான் பையன்கள் தாங்களே அச்சடிக்கிறார்கள். நிஜத்தில் 'சன்', 'ட்ரிப்யூன்' போன்ற போட்டிப் பத்திரிகைகள் விழுந்து விழுந்து எழுதின, பையன்கள் மேடையில் பேசியதை அவர்களுடைய கொச்சையோடு அப்படியே போட்டுச் சிரித்தும் வைத்தன. அக்கறை பாதி, எதிராளி கடை காலியாகிற சந்தோஷம் பாதி. 'வேர்ல்ட்' பத்திரிகையின் விற்பனை 3,60,000-லிருந்து 1,25,000-க்கு விழுந்ததாகச் சொல்வார்கள். தன் வீட்டுக் குப்பையை எந்தப் பேப்பர் எழுதும், பக்கத்து வீட்டுக் குப்பையை எந்தப் பேப்பர் எழுதும் என்பதை இதைவிடச் சுலபமாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. வகுப்பை இரண்டாகப் பிரித்து, பள்ளியில் நடந்த ஒரே விஷயத்தை, குடிதண்ணீர்க் குழாய் உடைந்தது மாதிரி ஏதாவது ஒன்றை, ஒரு பாதியைத் தலைமையாசிரியர் பத்திரிகையாகவும் இன்னொரு பாதியை மாணவர் பத்திரிகையாகவும் எழுதச் சொல்லுங்கள். தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்.

ஒன்றே ஒன்று ஜாக்கிரதை. குடியாத்தத்தில் உங்கள் வகுப்பில் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். "யார் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள், கை தூக்கு" என்று தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். நியூயார்க் கணக்கைப் போட்டு முடித்தால் கை தூக்க வேண்டியவர்களுக்குத் தானாகவே புரியும். பேசத் தோன்றுகிறவர்கள் பேசட்டும்.

கேள்வி: படத்தில் வருகிற ஜாக் கெல்லி நிஜமாகவே இருந்தாரா? கடைசியில் ரூஸ்வெல்ட் வருவது உண்மையா?
(பத்தாம் வகுப்பு மாணவன், ஆற்காடு)

பதில்: ஜாக் கெல்லி கற்பனை, தம்பி. நிஜத் தலைவர்களில் பேர் பெற்றவனை 'கிட் பிளிங்க்' என்று கூப்பிட்டார்கள், ஒரு கண் பார்வை கிடையாது. ஜூலை 24 ராத்திரி இர்விங் ஹால் என்ற அரங்கில் கூட்டம் போட்டார்கள், உள்ளேயும் வெளியே தெருவிலுமாக ஐயாயிரம் பையன்கள் என்று அன்றைய பேப்பர்கள் எழுதின. 1899-ல் தியோடர் ரூஸ்வெல்ட் (பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர்) நியூயார்க் மாநில கவர்னர் என்பது சரி. சாரட்டில் வந்து நியாயம் வழங்கியது சினிமா. நம் படங்களில் கிளைமாக்ஸ் முடிந்தபின் போலீஸ் ஜீப் வருமே, அது மாதிரி.

கேள்வி: எதற்கெடுத்தாலும் அமெரிக்கா. நம்மிடம் இல்லாத தொழிலாளர் சரித்திரமா? வேலூர்ப் பிள்ளைகளுக்கு நியூயார்க் எதற்கு?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், காட்பாடி)

பதில்: கோபப்படாதீர்கள் ஐயா, உங்கள் கட்சியில் நானும் இருக்கிறேன். ஆனால் ஒன்று, எடுத்த எடுப்பில் சொந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் அதைப் பரீட்சைக் கேள்வியாகத்தான் கேட்பார்கள். தூரத்துக் கதை ஒன்றைப் போட்டுவிட்டு, அதே விஷயம் இங்கேயும் நடந்தது தெரியுமா என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தூத்துக்குடி கோரல் மில் ஸ்டிரைக், 1908 பிப்ரவரி கடைசியில் தொடங்கியது. கூலி உயர்வு, வார விடுமுறை இதற்காகத்தான். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள், ஒன்பது நாளில் மில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12-ம் தேதி இருவரும் கைது. அதே வருஷம் 'சுதேசமித்திரன்' பத்திரிகையின் ஜி. சுப்பிரமணிய ஐயரை ராஜத்துரோக வழக்கில் பிடித்தார்கள், பாரதியின் 'இந்தியா' பத்திரிகை புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தது. தொழிலாளர் பாடமும் பத்திரிகைப் பாடமும் நம் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாக இருக்கின்றன, 1908-ல் போலீஸுக்கு இரண்டும் ஒரே ஃபைல்.

இன்னொன்று இதைவிட ருசியானது. 1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம். பின்னி மில்காரர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் அரை மணி போதவில்லை, அதிலிருந்துதான் பேச்சே ஆரம்பித்தது. தலைவராக வந்த பி.பி. வாடியா, அன்னி பெசன்ட்டின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் இருந்தவர். துணை நின்ற திரு.வி.க. 'தேசபக்தன்' ஆசிரியர், அதற்கு முன்னால் வெஸ்லி பள்ளியில் தமிழ் வாத்தியார். நியூசீஸ் படத்தில் வருகிற நிருபர் கையில் நோட்டோடு பக்கத்தில் நின்று பார்த்து எழுதுகிறவர். நம் ஆட்கள் காலையில் தலையங்கம் எழுதிவிட்டு சாயங்காலம் சங்கக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போனவர்கள். சங்கத்திலேயே இருக்கிறவர் சங்கத்தைப் பற்றி எழுதுவது சரியா என்று இந்தக் காலத்தில் யாராவது கேட்கலாம். கேட்கட்டும், நல்ல கேள்விதான், வகுப்பிலேயே கேட்கலாம். என்னைக் கேட்டால், அன்றைக்கு அவர்கள் எழுதாமல் இருந்திருந்தால் வேறு யார் எழுதியிருப்பார்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

வேலூர் என்றால் சரித்திரம் 1806 ஜூலை 10-ம் தேதி சிப்பாய்ப் புரட்சியோடு கோட்டைக்குள் முடிந்துவிடுகிற மாதிரி நாமே பழக்கி வைத்திருக்கிறோம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புகளில் கால் நனைய நின்றவர்கள், குடியாத்தம் தறிக்காரர்கள், பீடி சுற்றுகிறவர்கள் இவர்களுக்கெல்லாம் அகழி தாண்டி ஒரு பக்கம் ஒதுக்க மாட்டோமா? அந்தக் குறை எனக்கும் இருக்கிறது ஐயா.

கேள்வி: அந்த ஸ்டிரைக்குக்குப் பிறகு அமெரிக்காவில் பேப்பர் விற்கிற சிறுவர்களின் வேலை சட்டப்படி நின்றுவிட்டதா?
(சட்டம் படிக்கும் மாணவி, வேலூர்)

பதில்: நிற்கவில்லை. 1908-லிருந்து லூயிஸ் ஹைன் என்ற போட்டோகிராபர், தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தார். அவரும் முன்னாள் வாத்தியார்தான். மில்லுக்குள் விடமாட்டார்கள் என்பதால் பைபிள் விற்கிறவன், மிஷினைப் படமெடுக்க வந்தவன் என்று ஏதாவது சொல்லி நுழைவார். தன் கோட்டுப் பித்தான்கள் தரையிலிருந்து எத்தனை உயரம் என்று அவருக்கு மனப்பாடம். பிள்ளை எந்தப் பித்தான்வரை நிற்கிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்குப் போட்டு, பாக்கெட்டுக்குள்ளேயே கைவிட்டுக் குறித்துக்கொள்வார். தெருவில் பேப்பர் விற்ற குட்டிப் பையன்களையும் எடுத்திருக்கிறார். நீங்கள் இணையத்தில் பார்க்கும் பழைய படங்களில் பல அவருடையவை.

1938-ல் நியாயத் தொழில் தரச் சட்டம் வந்து குழந்தை உழைப்புக்குக் கடிவாளம் போட்டது. அதில் 1949-ல் திருத்தம் வந்தபோது யாருக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள் தெரியுமா? வீட்டு வாசலுக்குப் பேப்பர் கொண்டுபோய்ப் போடுகிற பிள்ளைகளுக்கு! அவன் தொழிலாளி இல்லை, குட்டி வியாபாரி என்பது பத்திரிகைக்காரர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவந்த வாதம்.

சிரிக்காதீர்கள், நம் கதையும் அப்படித்தான். 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் பீடி சுற்றுவது பிள்ளைகளுக்குத் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருந்தது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து வீட்டில் செய்தால் அந்தத் தடை பொருந்தாது என்று ஒரு வரியும் கூடவே இருந்தது. வட ஆற்காட்டில் பீடி அனேகமாக எங்கே சுற்றப்பட்டது? வீட்டுத் திண்ணையில். முன்பணம் வாங்கிவிட்டுப் பிள்ளையை வேலைக்கு விடுகிற வழக்கமும் இங்கே இருந்தது, 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டபோதிலும். 1996-ல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் வட ஆற்காட்டுப் பீடிப் பிள்ளைகளுக்குத் தனியாகவே இடம் இருக்கிறது. பதினாலு வயதுக்குக் கீழ் எந்த வேலையுமே கூடாது என்று சட்டம் மாறியது 2016-ல். அதிலும் பள்ளி விட்ட பிறகு ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்து உண்டு. நீங்கள் சட்டம் படிக்கிறவர், சட்டத்தைப் படிக்கும்போது விதிவிலக்கை முதலில் படியுங்கள்.

கேள்வி: வீட்டில் பீடி சுற்றுகிறேன். என் மகள் ஸ்கூலில் ஏதோ படம் போட்டார்களாம், பார்த்துவிட்டு வந்து, "நீயும் ஸ்டிரைக் பண்ணேம்மா" என்கிறாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அவள் விடவில்லை, "விக்காத பேப்பர் மாதிரி உனக்கு என்னம்மா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?
(பெயர் வேண்டாம், பேரணாம்பட்டு)

பதில்: உங்கள் மகள் கேட்டதுதான் இந்த வாரத்தின் நல்ல கேள்வி, அம்மா. பதிலும் உங்களிடமே இருக்கிறது.

எங்கள் அத்தை குடியாத்தத்தில் பீடி சுற்றியவர். ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைப்பார். காலையில் தகர அச்சை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டுவார், நரம்பு தடித்த இலை, ஓட்டை விழுந்த இலை எல்லாம் ஒரு ஓரமாகக் குவியும். மடியில் முறம், முறத்தில் தூள். ஒரு சிட்டிகை வைத்து உருட்டி, முனையை மடித்து, நூலைச் சுற்றி அறுப்பார், பேச்சு நிற்காது, கண் முறத்தைப் பார்க்காது. முனை மடிக்கிற வேலை சின்னக் கைகளுக்கு லாவகம் என்று எங்களையும் உட்கார வைத்தது உண்டு, அதை ஒளிப்பானேன். ஆயிரத்துக்கு இவ்வளவு இலை என்று நிறுத்துக் கொடுத்ததில் பாதி பழுதாக இருந்தால் குறைகிற இலையை அத்தைதான் கடையில் காசு போட்டு வாங்கி ஈடு கட்ட வேண்டும். கொண்டுபோன பீடியில் ஒரு கை அள்ளி, சுற்று சரியில்லை என்று ஒதுக்கினால் அதற்குக் கூலி கிடையாது. ஒதுக்கின பீடியைத் திருப்பிக் கொடுத்தும் பார்த்ததில்லை. அத்தை திரும்பி வந்து முறத்தை ஆணியில் மாட்டும்போது வருகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

குறைகிற இலை, ஒதுக்குகிற பீடி. உங்களுக்கு விற்காத பேப்பர் இதுதான். இது இவ்வளவு பழைய தகராறு என்பதால்தான் 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டதோடு நிற்காமல், மூலப்பொருள் கொடுப்பது, பீடியை ஒதுக்குவது, ஒதுக்கியதற்குக் கூலி இந்த மூன்றில் சண்டை வந்தால் தீர்த்துவைக்க ஓர் அதிகாரி வேண்டும் என்று தனியாகவே சொன்னது.

உடனே ஸ்டிரைக் பண்ணுங்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் எழுதினால் நீங்கள் இன்னும் ஒருமுறை சிரிப்பீர்கள். மகளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுங்கள். தினமும் சாயங்காலம் நீங்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதட்டும்: இலை எத்தனை கிராம் கொடுத்தார்கள், எவ்வளவு பழுது, கைக்காசு போட்டு எவ்வளவு வாங்கினீர்கள், எத்தனை பீடி கொண்டுபோனீர்கள், எத்தனை ஒதுக்கினார்கள், என்ன காரணம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் சொன்னால் அதையும் இன்னொரு பத்தியில் எழுதட்டும். அவளுடைய டீச்சர் பத்திரிகை எழுதச் சொன்னால் எடுத்துக்கொண்டு போக ஒன்று தயாராக இருக்கும். முறத்தில் மட்டும் அவளை உட்கார வைக்காதீர்கள்.